கல்லூரி உதவித்தொகை வேண்டுமா? மே மாதத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்

முதலாம் ஆண்டில் எனக்கு வர வேண்டிய உதவித்தொகை வரவில்லை. தகுதி இருந்தது. விண்ணப்பமும் சரியாகத்தான் போட்டிருந்தேன். கல்லூரியில் சரிபார்த்து மேலே அனுப்பியும் விட்டார்கள். மார்ச் மாதம் வரை காத்திருந்துவிட்டு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அக்கா என் பாஸ்புக்கை வாங்கி, கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பணம் போட்டு எடுத்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. அக்கவுன்ட் இன்ஆபரேட்டிவ்ல இருக்கு" என்றார். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு அது. அனுப்பப்பட்ட பணம் அங்கே நுழைய முடியாமல் திரும்பிப் போயிருந்தது.

இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருடம் என் தம்பி பிளஸ் டூ முடித்திருக்கிறான். அவனுக்காக மறுபடியும் இதே வாசல்களில் ஏறி இறங்கிய கையோடு இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இளநிலைப் படிப்பில் சேரப் போகிற, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளைகளுக்காக இது. பணம் கைவிட்டுப் போகிற இடம் பெரும்பாலும் விண்ணப்பம் அல்ல. விண்ணப்பத்துக்கு முன்னால் இருக்கிற பெயர், சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றில்தான் கோட்டை விடுகிறோம்.

1. உங்களுக்குரிய திட்டம் எது என்று பாருங்கள்

ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தீர்கள், குடும்ப ஆண்டு வருமானம் எவ்வளவு, என்ன வகுப்பு (சாதிப் பிரிவு), என்ன படிப்பு, கலந்தாய்வு இடமா மேனேஜ்மென்ட் கோட்டாவா. இந்த ஐந்தும் தெரிந்தால் திட்டம் தானாகத் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைத் தனியாக வாங்கலாம்.

அதே அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க வாய்ப்பிருப்பவர்கள் மற்ற எதையும் விட இதற்குத்தான் முதலில் முயல வேண்டும். எந்த உதவித்தொகையும் இதற்கு ஈடாகாது.

குடும்பத்தில் யாரும் பட்டம் படித்ததில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை. கலந்தாய்வு மூலம் சேரும் தொழிற்படிப்புகளுக்கு மட்டும்தான் இது. தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவுக்குக் கல்விக் கட்டணத்திலேயே கழித்துவிடுவார்கள், கைக்குப் பணமாக வராது.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்றால் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு வருமான நிபந்தனை இல்லாமலே உதவித்தொகை உண்டு. முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கும் வரம்பு 2.5 லட்சம்தான். இதில் ஆதிதிராவிட மாணவர்களுக்குத் திரும்பப் பெற முடியாத கட்டணங்களோடு ஆண்டுப் படித்தொகையும் சேர்ந்து வரும். மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளில் விடுதி மாணவருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. சாதாரணப் பட்டப்படிப்புகளுக்கு முறையே 6,000, 3,000. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. இன்னொன்று: மாநிலப் பங்கு 40 சதவீதம், மத்தியப் பங்கு 60 சதவீதம் என்று இரண்டு தவணையாகக் கணக்கில் ஏறும். முதல் தவணையைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று மனம் உடைந்து போகாதீர்கள். அந்தப் பணத்தில் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருக்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் வகுப்புத் தோழி வீட்டில் அந்தப் பணம் மருத்துவச் செலவுக்குப் போய்விட்டது. கல்லூரிக்குக் கட்ட மறுபடி வட்டிக்கு வாங்கினார்கள்.

மத்திய அரசின் திட்டங்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கின்றன. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறைத் திட்டத்தில் இளநிலையின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்காண்டுத் தொழிற்படிப்பு என்றால் நான்காம் ஆண்டில் 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை இருக்கலாம். பிளஸ் டூவில் 80 பெர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். இதை 80 சதவீத மதிப்பெண் என்று படித்துவிட்டுப் பலர் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். இரண்டும் வேறு. தேர்ச்சி பெற்றவர்களில் முதல் இருபது சதவீதத்துக்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்குப் பிரகதி: ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு. மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத். இவற்றிலும் தொகை அதேதான்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மத்தியத் துறைத் திட்டத்தில் வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவர்கள் சேர முடியாது என்று விதி இருக்கிறது. 12,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 25,000 ரூபாய்ச் சலுகையை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் வாங்கிவிடலாம் என்று மறைத்தும் எழுதாதீர்கள். ஆதார் எண் ஒன்றுதான், பிறகு தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

2. எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றுதானா?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருகிற தொல்லைகளில் பாதி இன்ஷியலால் வருவது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "லட்சுமி மு" என்று இருக்கும். ஆதாரில் "லட்சுமி முருகன்". பாஸ்புக்கில் "மு. லட்சுமி". ஆங்கிலத்தில் லட்சுமிக்கு ஒன்றில் எச் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பேர்.

பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே நான்கு தாள்களை வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று, பாஸ்புக். மதிப்பெண் பட்டியலை மாற்றுவதுதான் கடினம். ஆகவே அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயர் திருத்த 75 ரூபாய். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் விண்ணப்பத்தில் எழுதிய எழுத்துகளை உள்ளே ஏற்றும்போது கூட நின்று பாருங்கள். ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே படித்துவிடுங்கள்.

பதினைந்து வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்யாமல் விட்டவர்கள் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். சின்ன வயது முகத்தோடு இருக்கிற ஆதாரை வைத்து முக அடையாளச் சரிபார்ப்புச் செய்தால் செல்போன் திரும்பத் திரும்பத் தோல்வி என்றே காட்டும். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணுக்கு ஓ.டி.பி. வராது.

3. இ-சேவை மையத்தில் வாங்க வேண்டிய சான்றுகள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். நான்கும் வாங்கினால் 240. இதற்கு மேல் 500, 1,000 என்று கேட்கிற இடத்தில் நிற்காதீர்கள். முதல் முறை போகிறவர்களுக்கு கேன் எண் என்று ஒன்று போட்டுத் தருவார்கள். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த சான்றுகளுக்கெல்லாம் அதே எண்தான்.

கொண்டுபோக வேண்டியவை: மாணவரின் புகைப்படம், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார். வருமானச் சான்றுக்கு, மாதச் சம்பளம் வாங்குபவர் என்றால் சம்பளச் சீட்டு.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று படிப்படியாக மேலே போகும். இணையத்தில் போட்டாயிற்று என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அசல் தாள்களோடு வி.ஏ.ஓ.வை ஒருமுறை நேரில் பாருங்கள். தம்பியின் விண்ணப்பம் ஒன்பது நாள் ஒரே இடத்தில் நின்றது. அம்மா ரேஷன் கார்டோடு போய் நின்ற அன்று மாலையே அடுத்த படிக்கு நகர்ந்தது.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பிளஸ் டூ படிக்கும்போதே மிகவும் முன்கூட்டி வாங்கி வைத்தால், கல்லூரியில் விண்ணப்பம் போடுகிற மாதத்தில் காலாவதியாகி நிற்கக்கூடும். மே மாதம் வாங்குங்கள். அப்பா, அம்மா இருவர் வருமானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், எல்லா விண்ணப்பத்திலும் ஒரே தொகையை எழுதுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றுதான் நேரம் எடுக்கும். குடும்பம் என்றால் நீங்களும் பெற்றோரும் மட்டும் அல்ல. உடன்பிறந்தவர்கள், அப்பா வழி, அம்மா வழித் தாத்தா பாட்டிகள் வரை யாரும் பட்டதாரி இல்லை என்று காட்ட வேண்டும். அவர்களின் மாற்றுச் சான்றிதழ்களைக் கேட்பார்கள். மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். அப்பாவின் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் எங்களிடம் இல்லை. அவர் படித்த பள்ளிக்குப் போய் நகல் கேட்டு வாங்கவே ஒரு வாரம் ஓடியது. எனக்குச் சான்று கைக்கு வர மொத்தம் இருபத்திரண்டு நாள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே இதை ஏற்ற வேண்டும் என்பதால் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. நான் வாங்கிவிட்டதால் என் தம்பிக்குக் கிடைக்காது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை முன்னாலேயே யோசித்து, யாருடைய படிப்புக்குக் கட்டணம் அதிகமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு அப்போது இதைச் சொல்ல யாரும் இல்லை.

4. வங்கிக் கணக்கு

இதைத்தான் எல்லாரும் கடைசிக்கு விடுகிறார்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

அரசு உதவித்தொகை இப்போது கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. உங்கள் ஆதார் எந்த வங்கியோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக (டி.பி.டி.) சேர்க்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். நீங்கள் விண்ணப்பத்தில் எந்தக் கணக்கை எழுதினாலும் சரி.

கவுன்டரில் போய் "ஆதார் இணைக்கணும்" என்று மட்டும் சொன்னால், "ஏற்கெனவே இணைஞ்சுதான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. கணக்கு திறக்கும்போது அடையாளத்துக்காக ஆதார் கொடுத்திருப்பீர்கள், அது கே.ஒய்.சி. நமக்கு வேண்டியது வேறு. "டி.பி.டி. பணம் வரணும், என்.பி.சி.ஐ. சீடிங் படிவம் கொடுங்க" என்று கேளுங்கள். எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு என்.பி.சி.ஐ., அந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான் சீடிங். நிரப்பிக் கொடுத்துவிட்டு, படிவத்தின் நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு நாள் கழித்து மைஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணையும் ஓ.டி.பி.யையும் போட்டு, வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். வங்கியின் பெயரும் ஆக்டிவ் என்ற சொல்லும் தெரிய வேண்டும். அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மாட்டிக்கொள்கிற இடங்கள்:

இரண்டு ஆண்டுகள் பணம் போடாமல் எடுக்காமல் இருந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும். எனக்கு நடந்தது இதுதான். ஆதார், புகைப்படத்தோடு போய்க் கே.ஒய்.சி. படிவம் கொடுத்தால் உயிர்ப்பித்துவிடலாம், கட்டணம் கிடையாது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நூறு ரூபாய் போட்டு எடுங்கள்.

அம்மா அல்லது அப்பா பெயரோடு சேர்த்துத் திறந்த மைனர் கணக்காக இருந்தால் பதினெட்டு வயது முடிந்ததும் உங்கள் கையெழுத்தோடு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முடக்கிவிடுவார்கள்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் வளாகத்துக்குள்ளேயே மேசை போட்டு ஒரு வங்கி புதுக் கணக்கு திறந்து தரும். படிவத்தில் டி.பி.டி. சம்மதக் கட்டத்தில் டிக் அடித்தால் ஆதார் இணைப்பு அந்த வங்கிக்குத் தாவிவிடும். பணம் வரவில்லை என்று பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், புதுக் கணக்கில் அது ஏறிக்கொண்டிருக்கும்.

முழு கே.ஒய்.சி. இல்லாமல் திறந்த சிறு கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. பெரிய தொகை எதிர்பார்ப்பவர்கள் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

வங்கி தொலைவில் இருக்கிற கிராமங்களில் அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு நல்ல வழி. தபால்காரரே வீட்டில் வைத்துக் கைரேகை வாங்கித் திறந்து, டி.பி.டி. இணைப்பையும் செய்துவிடுவார். தம்பிக்கு அப்படித்தான் செய்தோம்.

5. சேர்க்கை நாளில்

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. பணிவாகக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து செல்போனில் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒதுக்கீட்டு ஆணை, கட்டண ரசீது, போனஃபைடு சான்று (இந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று) மூன்றும் பின்னால் கேட்கப்படும். கட்டணத்தை ரொக்கமாகக் கட்டினாலும் ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

கல்லூரியில் உதவித்தொகையைப் பார்க்கிற பொறுப்பாளர் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். துறைத் தலைவருக்குத் தெரியாதது எல்லாம் அலுவலகத்தில் இருக்கிற அந்த ஒருவருக்குத் தெரியும்.

6. விண்ணப்பம்

மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு உமிஸ் இணையதளம். பள்ளியில் இருந்த எமிஸ் எண் போலக் கல்லூரியில் உங்களுக்கு ஒரு உமிஸ் எண் கிடைக்கும். அதை வாங்கியதும் உள்ளே போய்ப் பெயர், பிறந்த தேதி, படிப்பு, ஆண்டு, விடுதியா வீடா என்பதைப் பாருங்கள். தவறு இருந்தால் கல்லூரிதான் திருத்த முடியும், ஆகவே உடனே சொல்லுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டும் கல்லூரி வழியாகவே போகும். நீங்கள் படித்தது அரசுப் பள்ளி என்பது எமிஸ் விவரத்திலிருந்து சரிபார்க்கப்படும். இடையில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படித்த ஆண்டுகளுக்குச் சான்று வாங்கி வைத்திருங்கள்.

மத்தியத் திட்டங்களுக்கு ஒருமுறைப் பதிவு எண் எடுக்க வேண்டும். பதினான்கு இலக்கம், படிப்புக் காலம் முழுவதற்கும் அதுதான். இதற்கு முக அடையாளச் செயலி இரண்டைச் செல்போனில் ஏற்ற வேண்டும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், ஒரே முறையில் முடியும். கடைசித் தேதி வழக்கமாக அக்டோபர் இறுதியை ஒட்டி வரும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் ஜூலையிலிருந்தே வாரம் ஒருமுறை பாருங்கள்.

எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "உங்க ஸ்காலர்ஷிப் ரெடி, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று வருகிற எந்த அழைப்பும் மோசடிதான், உடனே வைத்துவிடுங்கள்.

7. அனுப்பிய பிறகு

சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கல்லூரி சரிபார்க்க வேண்டும், அதற்கு மேல் மாவட்டம் அல்லது மாநில அளவில் இன்னொரு சரிபார்ப்பு. கல்லூரிக்கும் தனிக் கடைசித் தேதி உண்டு. உங்கள் விண்ணப்பம் அவர்கள் பக்கம் தேங்கி அந்தத் தேதி தாண்டினால் நட்டம் உங்களுக்கு. அச்செடுத்த விண்ணப்பத்தோடு பொறுப்பாளரைப் பார்த்து, சரிபார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இரண்டாம் முறை கேட்கக் கூச்சமாக இருக்கும். அப்போதும் கேளுங்கள்.

குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி அனுப்ப வாய்ப்பு உண்டு, ஆனால் நாள்கள் குறைவு. நிராகரிப்பு என்று வந்துவிட்டால் அந்த ஆண்டு முடிந்தது. பணம் அனுப்பப்பட்டதா என்று, அரசு அனுப்பும் பணத்தைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். இணையதளத்தில் பார்க்கலாம். அங்கே அனுப்பியாயிற்று என்று காட்டியும் கணக்கில் இல்லை என்றால் நேராக நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

பெரும்பாலான தொகைகள் கல்வியாண்டின் பிற்பாதியில்தான் வந்து சேரும். முதல் பருவக் கட்டணத்துக்கு இதை நம்பியிருக்க முடியாது. அந்தப் பணத்தைத் தனியாகப் புரட்டி வையுங்கள்.

8. இரண்டாம் ஆண்டு

புதுப்பிப்பதை மறந்து பணத்தை விட்டவர்கள் என் வகுப்பிலேயே நான்கு பேர். மத்தியத் துறைத் திட்டத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். புதிதாக விண்ணப்பிக்காமல் புதுப்பித்தல் என்ற பகுதியில் போடுங்கள். மே மாதம் மறுபடியும் வருமானச் சான்றின் தேதியைப் பாருங்கள்.

9. மீதிப் பணத்துக்குக் கல்விக் கடன்

எல்லாம் கிடைத்தும் விடுதி, புத்தகம், பேருந்து என்று மிச்சம் நிற்கும். அதற்குத்தான் கல்விக் கடன். கடன் 4 லட்சம் வரை என்றால் நம் பங்காக எதுவும் கட்ட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருந்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவராக இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. வங்கிக்கு நேரில் போவதற்கு முன் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து அந்த எண்ணோடு போங்கள். வாய்வார்த்தையாக "இல்லை" என்று சொல்லி அனுப்புவது அப்போது கடினமாகிவிடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்லூரியிலிருந்து நான்காண்டுக்கும் சேர்த்து, விடுதிச் செலவோடு, கட்டண விவரக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். முதலாண்டுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தால் கடனும் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும்.